நாரையின் இருக்கை

மார்ச் 4, திங்கள்

ஆய்வகக் குறிப்பேடு ஒன்று மேசையில் இருக்கிறது. அதில் பக்க எண் உண்டு, மாதம் ஒரு முறை என் வழிகாட்டி லில்லி மேடத்தின் கையெழுத்தும் உண்டு. இந்த நோட்டு அதுவல்ல. இதைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைக்கப் போகிறேன்.

காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு டிரம்மும் நிரப்பினேன். இந்தக் காம்பவுண்டில் நான்கு வீட்டுக்கும் மாடியில் ஒரே தொட்டி. வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு மோட்டார் போட்டுவிட்டு நடக்கப் போய்விடுவார். முந்திக்கொள்பவளுக்குத் தண்ணீர். மற்ற மூன்று வீடும் அந்த நேரத்தில் தூங்குகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் ஆய்வும் ஒரு தொட்டியைப் பற்றியதுதான். பொதுவில் கிடப்பதை மனிதர்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று பார்க்க ஐந்து வருடமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் கிடக்கிறேன். கணினித் துறைத் தோழி ஒருத்தி எனக்காக ஒரு ஆட்டம் எழுதித் தந்தாள். போனில் பிரவுசரைத் திறந்தால் போதும், ஆடலாம். திரையில் ஒரு தொட்டி, அதைச் சுற்றி நான்கு வீடு. தொட்டியில் நாற்பது குடம் தண்ணீர். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்குப் பத்துக் குடம்வரை எடுக்கலாம். மிச்சம் இருப்பதில் பாதி அளவு மறுபடி ஊறும். எல்லோரும் அளவாக எடுத்தால் எட்டுச் சுற்றும் ஓடும், ஆளாளுக்கு அள்ளினால் ஒன்றிரண்டு சுற்றிலேயே தொட்டி காய்ந்துவிடும். தினம் ஒரு ஆட்டம், பதினைந்து நாள், அதே நான்கு பேர். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆளுக்கு ஒரு வரி எழுதலாம்.

ஆடுகிறவர்களுக்குப் பறவைப் பெயர். அதனால் நானும் அவர்களை 'அது' என்றே எழுதுகிறேன். ஆணா பெண்ணா, பதினெட்டா அறுபதா எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. நிஜப் பெயரும் போன் நம்பரும் ஒட்டிய உறையில் மேடத்தின் பீரோவுக்குள் இருக்கின்றன. அவர்கள் எழுதிக்கொள்ளும் வரிகளையும் ஆய்வு முடியும்வரை நான் படிக்கக் கூடாது. எண்களை மட்டும் பார்க்கலாம். "பாக்கிறதுக்கு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா மனுஷன் நல்லவனாயிடுவான் செண்பகம். அப்புறம் நமக்கு ஆராய்ச்சி கிடையாது," என்பார் மேடம். இதற்கெல்லாம் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பதின்மூன்று குழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். மாலை ஆறரைக்கு ஏழாம் குழு. மீன்கொத்தி, கொக்கு, தவிட்டுக்குருவி மூன்றும் வந்து காத்திருந்தன. நாரை வரவில்லை. நான்கு பேர் இல்லாமல் ஆட்டம் தொடங்காது. முதல் நாளே தொடங்காவிட்டால் அந்தக் குழுவே போச்சு. பன்னிரண்டு குழுவை வைத்து ஆய்வேடு எழுத மேடம் விடமாட்டார். மாத இறுதியில் ஆய்வுச் சுருக்கம் கொடுக்க வேண்டும். உதவித்தொகையும் அதோடு முடிகிறது.

ஆறு நாற்பதுக்கு நாரையாக நானே உள்ளே போனேன். இன்று ஒரு நாள்தான். நாளை அது வந்துவிடும்.

மார்ச் 5, செவ்வாய்

நாரை வரவில்லை. உட்கார்ந்தேன். மூன்று குடம், மூன்று குடம், இரண்டு குடம். யாருக்கும் சந்தேகம் வராத அளவு.

மார்ச் 7, வியாழன்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குக் கனம் மடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆய்வகக் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டாலே திரையைக் கவிழ்க்கிறேன். இன்று வந்தது கூட்டுகிற அம்மா. "என்ன டாக்டரம்மா, பேயைப் பாத்தாப்ல முழிக்கீங்க," என்றாள். ஒன்றுமில்லை, வெயில் என்றேன்.

ஏழாம் குழு மட்டும் இல்லை. மூன்று குழுவில் உட்கார்கிறேன். ஆள் சேர்க்கும்போதே கூடுதலாகச் சேர்த்திருக்க வேண்டும். அது என் தவறு. ஆனால் எண்களில் பெரிய மாற்றம் வராது. நான் நடுவாகத்தான் எடுக்கிறேன். சராசரி மனிதர் எடுக்கும் அளவு.

ஏழாம் குழுவில் கொக்கு சரியான பேராசைப் பறவை. சுற்றுக்கு எட்டுக் குடத்துக்குக் குறையாது. தவிட்டுக்குருவி முந்தின சுற்றில் மற்றவர்கள் எடுத்ததைப் பார்த்து எடுக்கிறது, இரண்டோ மூன்றோ. மீன்கொத்தி முதல் இரண்டு நாள் மூன்று எடுத்தது. நேற்று இரண்டு, ஒன்று. இன்று எதுவுமே எடுக்கவில்லை. அது விட்டுக்கொடுப்பதால்தான் கொக்கின் ஆசையைத் தொட்டி தாங்குகிறது.

சுற்றுக்கு நடுவில் வரிகள் வருகின்றன. நாரையின் திரையில் வந்தால் எப்படிப் படிக்காமல் இருப்பது? "எனக்கு இது போதும்" என்று மீன்கொத்தி எழுதியிருந்தது.

காலையில் பிரேமா அக்கா படியில் நின்று, பிள்ளையைக் குளிப்பாட்ட வாளித் தண்ணீர்கூட இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழ் வீடு, ஏழு மாதக் குழந்தை. கோடை வந்துவிட்டது அக்கா என்றேன்.

மார்ச் 9, சனி

இன்று மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

இரண்டாவது சுற்று முடிந்ததும் தவிட்டுக்குருவி எழுதியது: "நாரை என்ன ரோபோவா? வாயே தொறக்காது."

கொக்கு: "நானும் பாத்துட்டுதான் இருக்கேன்."

ரோபோ என்று ஒருவர் புகார் எழுதினால் போதும். மேடம் பதிவைத் திறப்பார். நாரை எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. ரோபோ எழுதாத ஒன்றை எழுத வேண்டும். யோசிக்க நேரமில்லை. நம் ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதை எழுதினேன்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

அடுத்த சுற்று முடிந்ததும் பதில்கள் வந்தன. "கடையில இருக்கேன், வீட்டுக்குப் போக ஒம்பது ஆகும்," என்றது கொக்கு. "பரோட்டா சால்னா," என்றது தவிட்டுக்குருவி. மீன்கொத்தியின் வரி நேரம் முடியும்போது வந்தது. "இல்ல. யாரும் கேக்கல. நன்றி நாரை."

தப்பித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு சாப்பாட்டுக் கேள்வியில் ஐந்து வருடப் படிப்பைக் காப்பாற்றிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

யாரும் ரோபோ என்று சொல்லவில்லை. அதனால் நான் எதுவும் எழுதவில்லை. துணி துவைத்தேன்.

மார்ச் 11, திங்கள்

மேடம் முதல் வார எண்களைப் பார்த்தார். ஏழாம் குழுவின் படத்தில் மீன்கொத்தியின் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது.

"இங்க பாரு செண்பகம். சைபர், சைபர், சைபர். நாலு நாளா எட்டுச் சுற்றும் சைபர். பக்கத்துல ஒரு ஆள் எட்டு எட்டா அள்ளும்போதும் சைபர். இருபது வருஷத்துல இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை."

"என்ன பேர் போடட்டும் மேடம்?"

"முழு ஈகைன்னு போடு. இந்த ஒரு ஆளை வச்சே ஒரு அத்தியாயம் எழுதிடலாம்."

அட்டவணையில் மீன்கொத்திக்கு எதிரே 'முழு ஈகை' என்று அடித்தேன். கொக்குக்கு எதிரே 'தன்னலம்'. நாரைக்கு எதிரே 'நிபந்தனையோடு ஒத்துழைப்பவர்' என்று கணினியே போட்டுக்கொண்டது.

மேடத்துக்கு எண் மட்டும்தான் தெரியும். எனக்கு வரிகளும் தெரியும். "நீங்க எடுத்துக்கோங்க." "எனக்கு எதுக்கு." நேற்று வந்தது, "இனிமே எனக்குத் தேவைப்படாது." படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருக்கலாம். சொன்னால், அந்த வரி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதுவும் தவிர, சொல்ல என்ன இருக்கிறது? சிலருக்குக் கொடுக்கிற மனசு.

மார்ச் 12, செவ்வாய்

ஆய்வுக்கென்று துறையில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. இணைப்பு வேலை செய்யவில்லை, போன் மாற்றிவிட்டேன் என்றெல்லாம் அதற்குத்தான் எழுதுவார்கள். அதைத் திறந்து பார்ப்பது நான் மட்டும். இன்று மதியம் ஒன்று வந்தது. அனுப்பியது கொக்கு. தலைப்பு: 'ஏழாம் குழுவில் ஒரு ஆளைப் பற்றி.'

திறக்கவில்லை.

யாரைப் பற்றி என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை அது "பாத்துட்டுதான் இருக்கேன்" என்று எழுதியபோதே தெரியும். திறந்தால், படித்தேன் என்று பதிவாகும். படித்த பிறகு மேடத்திடம் கொடுக்காமல் வைத்திருந்தால் அது இன்னொரு குற்றம். திறக்காதவரை எனக்கு எதுவும் தெரியாது. இன்னும் ஆறு நாள்தான், ஆட்டம் முடிந்துவிடும்.

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவை அப்படியே மூடிக் கொண்டுவந்தேன்.

மார்ச் 13, புதன்

கொக்கிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல். தலைப்பு: 'தயவு செய்து பார்க்கவும்.'

திங்களன்று போலவே இன்றும் மாலை ஆட்டத்தில் அதன் வரி நட்சத்திரமாக வந்தது. பத்து நட்சத்திரம். யாரும் போன் நம்பர் கொடுத்து வெளியே கூட்டுச் சேரக் கூடாது என்று எண்களை அழிக்கச் சொன்னது நான்தான். மறுபடி அனுப்பியது, மறுபடி பத்து நட்சத்திரம். மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு எனக்கு எதிராகக் கிளம்பப் பார்க்கிறது.

மீன்கொத்தி சைபர். ஒரு வரியும் எழுதவில்லை.

மார்ச் 14, வியாழன். மதியம்

இதை ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையிலிருந்து பயமாக இருக்கிறது. இது வேறு மாதிரிப் பயம்.

காலையில் பிரேமா அக்கா குடத்தோடு மேலே வந்தார். என் டிரம்மைப் பார்த்தார். நானாகவே, "ஒரு குடம் எடுத்துக்கோங்க அக்கா," என்றேன். எடுத்துக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து குழந்தைக்குத் தலை துவட்டினார். பேச ஏதாவது வேண்டுமே என்று, என் ஆட்டத்தில் ஒருவர் தனக்கென்று சொட்டுத் தண்ணீர் எடுப்பதில்லை, எல்லாவற்றையும் மற்றவர்களுக்கே விட்டுவிடுகிறார் என்று சொன்னேன்.

"அப்பிடியா," என்றார் அக்கா. துவட்டுவதை நிறுத்திவிட்டார். "எங்க சின்னச் சித்தி ஒருத்தி இருந்தா செண்பகம். ஒரு வாரம் ஊர் பூரா சேலையைக் குடுத்தா. எனக்கு ஒரு பட்டுச்சேலை, எங்கம்மைக்குத் தோடு. என்ன மனசுளா இவளுக்குன்னு எல்லாரும் மெச்சினோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அடுத்த வாரம் அவ இல்ல. அவளாத்தான் போயிட்டா. அந்தச் சேலையை நான் இன்னும் கட்டல." குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "அவளுக்குத் தேவைப்படாதுன்னுதான் குடுத்திருக்கா. எங்களுக்கு அது வெளங்கல."

அந்தச் சொல்லை நான் ஏற்கனவே பார்த்திருக்கிறேன். மீன்கொத்தியும் அதைத்தான் எழுதியது. இனிமே எனக்குத் தேவைப்படாது.

அப்படியெல்லாம் இருக்காது. ஒரு விளையாட்டு. திரையில் இருக்கும் தண்ணீர். பரீட்சை நேரம், யாரோ அசட்டையாக எதையும் அழுத்தாமல் விட்டிருப்பார்கள். மாலை ஆட்டத்தில் பார்த்துவிட்டு நாளை மேடத்திடம் பொதுவாகக் கேட்டுப்பார்க்கலாம்.

மார்ச் 15, வெள்ளி

நேற்று நடந்ததை விடாமல் எழுதுகிறேன். இதில் எதையும் குறைத்து எழுதக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆறரைக்கு நான்கு பேரும் வந்தோம். மீன்கொத்தி எட்டுச் சுற்றும் சைபர். கடைசிச் சுற்று முடிந்ததும் அதன் வரி வந்தது: "நாளைக்கு வர மாட்டேன். எல்லாருக்கும் நன்றி. தண்ணி மிச்சம் இருக்கு."

உடனே கொக்கு: "இரு. போகாத." அதே வரியில் பத்து நட்சத்திரம். ஒருவருக்கு ஒரு வரிதான் என்பதால் திரை மூடிக்கொண்டது.

அப்போது மணி ஆறு ஐம்பது. அந்த நிமிடமே எழுந்து ஓடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஓடவில்லை. மணி ஏழு இருபதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணி நேரமும் நான் மீன்கொத்தியைப் பற்றி மட்டும் நினைத்தேனா என்றால் இல்லை. நாரை என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடினேன். ஒரு வழியும் கிடைக்காமல்தான் கொக்கின் மின்னஞ்சலைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை வந்தது. அதை இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன்.

'வணக்கம். நான் ஏழாம் குழு கொக்கு. நான் கூடுதலாக அள்ளுகிறவன்தான், அதை மறைக்கவில்லை. கடைக்காரன் புத்தி. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று வளர்ந்தவன். அதனால்தான் எழுதுகிறேன். மீன்கொத்தி என்கிற ஆள் தனக்கென்று ஒரு குடம்கூட எடுப்பதில்லை. ஜெயிக்க வேண்டாம் என்று நினைப்பவன் விளையாட வரமாட்டான். இது வேறு என்னவோ. தேவைப்படாது என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. என் நம்பரை அனுப்பலாம் என்று பார்த்தால் நட்சத்திரமாகப் போகிறது. ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு போன் போட்டுப் பேசுங்கள். நான் நினைத்தது தப்பு என்றால் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். நாரை ஒன்றுதான் அதனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.'

மூன்று நாள் இது எனக்காகக் காத்திருந்திருக்கிறது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை இல்லை.

மேடத்தின் குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஓடினேன். அவர் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க, ஏழாம் குழு மீன்கொத்தியின் நம்பர் வேண்டும், இப்போதே வேண்டும் என்றேன். அந்த வரிகளைச் சொன்னேன்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் மேடம் நாரை."

"எந்த நாரை?"

"ஏழாம் குழு நாரை. நிஜ நாரை வரவேயில்லை. நான்தான் உட்கார்ந்தேன்."

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தார். "எத்தனை குழுவில?"

"ஏழு, மேடம்."

இந்த நோட்டில் மூன்று என்று எழுதியிருக்கிறேன். இங்கேகூடப் பொய்தான் எழுதியிருக்கிறேன்.

மேடம் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். "செருப்பைப் போடு," என்றார். "சாவி பையில இருக்கு, வா."

பீரோவைத் திறந்து உறையைக் கிழித்தோம். மீன்கொத்தியின் பெயர் வசந்தமலர். வயது இருபத்திரண்டு. தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலைக் கணிதம், விடுதி. அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தாள். நம்பரை அழைத்தோம், அணைத்து வைத்திருந்தது. மேடம் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அவர் இன்னொருவரைப் பிடித்து, விடுதிக் காப்பாளர் நம்பர் கிடைத்தபோது ஏழு ஐம்பது. அந்த அம்மா நல்லவர். ஏன் எதற்கு என்று கேட்டு நேரத்தைப் போக்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டே மாடி ஏறினார். அவர் மூச்சு எங்களுக்குக் கேட்டது.

கதவைத் தட்டும் சத்தம். பதில் இல்லை. மறுபடி தட்டினார். "ஏளா மலரு. நான் வார்டன். கதவைத் தொற."

மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அதுவரை நான் கடவுளிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு எந்தப் பட்டமும் வேண்டாம், அந்தக் கதவு மட்டும் திறக்கட்டும் என்று கேட்டேன்.

"மலரு, சாப்பிட வரலயேன்னு வந்தேன்ளா. தொற."

தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், மிகச் சின்னதாக, "மேம்," என்றது.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு காப்பாளர் சொன்னதை மேடம் எனக்குச் சொன்னார். கட்டிலின் மேல் அவளுடைய புத்தகங்கள், வாளி, குடை, காதணிகள் எல்லாம் தனித்தனியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் யாருக்கு என்று பெயர் எழுதிய துண்டுச் சீட்டு வைத்திருந்ததாம். அவள் தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இரவு காப்பாளர் அவளைத் தன் அறையிலேயே படுக்க வைத்துக்கொண்டார். இன்று காலை அவள் அப்பா வந்திருக்கிறார். மருத்துவரிடம் அழைத்துப் போயிருக்கிறார்கள்.

கிளம்பும்போது மேடம் கேட்டார். "இந்தப் பொண்ணு இல்லைன்னா என்கிட்ட சொல்லியிருப்பியா?"

நான் கிழித்த உறையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி. நானும்தான் அந்த சைபரைப் பார்த்தேன். பார்த்து சந்தோஷப்பட்டேன்," என்றார். மேசையில் இருந்த அட்டவணையில் 'முழு ஈகை' என்பதைப் பேனாவால் அடித்தார். வேறு எதுவும் எழுதவில்லை.

மார்ச் 18, திங்கள்

பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு விளக்கக் கடிதம் கொடுத்தேன். ஏழு குழுவின் எண்கள் செல்லாது. மிச்சம் ஆறை வைத்து எதுவும் செய்ய முடியாது. என் பதிவை ரத்து செய்வதா, முதலிலிருந்து தொடங்க விடுவதா என்று அடுத்த மாதம் சொல்வார்கள். பயம் இருக்கிறது. ஆனால் கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டபோது திரையைக் கவிழ்க்கவில்லை.

மார்ச் 20, புதன்

குழுவில் ஆராய்ச்சியாளர் உட்கார்ந்திருந்தார் என்று ஆடியவர்கள் எல்லோருக்கும் நானே போன் செய்து சொல்ல வேண்டும். அது மேடத்தின் உத்தரவு. கொக்கின் பெயர் செய்யது மசூது. மேலப்பாளையத்தில் மோட்டார் உதிரிப்பாகக் கடை. பின்னால் ஸ்பேனர் விழும் சத்தம்.

"அந்தப் புள்ள இருக்காளா?" என்று முதலில் கேட்டார். யார், எங்கே என்று நான் சொல்லக் கூடாது. அது பெண் என்பதும் அவருடைய ஊகம்தான். இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

"போதும்மா. அதுக்கு மேல வேண்டாம்." பிறகு கேட்டார். "நீங்கதான் நாரையா? நான் உங்களைப் பொறுப்பான ஆளுன்னுல்லா நெனச்சேன்."

"மன்னிச்சிடுங்க பாய். உங்க மெயிலை மூணு நாள் திறக்கல."

"ஏன்?"

"என்னைப் பத்தி எழுதியிருப்பீங்கன்னு பயந்தேன்."

"உங்களைப் பத்தி எழுத என்ன இருக்கு. மூணு குடம் எடுக்கவங்களை யாரு பாக்கா," என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 22, வெள்ளி

ஒரு டிரம்மைக் கீழே பிரேமா அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். எதற்கு என்று கேட்டார். இத்தனை நாள் உங்கள் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்தது நான்தான் என்றேன். "தெரியுமே," என்றார் அக்கா. "என்னைக்குச் சொல்லுதன்னு பாத்தேன்." ஆறு மணிக்குப் பிறகுதான் யாரும் குழாயைத் திறப்பது என்று நான்கு வீடும் பேசி வைத்துக்கொண்டோம்.

மார்ச் 28, வியாழன்

இன்றுதான் ஆய்வுச் சுருக்கம் கொடுக்க வேண்டிய நாள். கொடுக்க எதுவும் இல்லாமல் வீட்டில் இருந்தேன். மாலையில் மேடம் அழைத்தார்.

"வசந்தமலர் உன்கிட்ட பேசணும்னு கேக்கா. அவ டாக்டரும் சரின்னுட்டார். நீ ஆராய்ச்சிக்காரி, ஏமாத்தித்தான் உட்கார்ந்தன்னு எல்லாம் சொல்லியாச்சு. அப்படியும் கேக்கா. நம்பர் குடுக்கட்டுமா?"

பயமாக இருந்தது. கொடுங்கள் என்றேன்.

ஆறரை மணிக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. அந்த நேரத்தை அவள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

"நாரை, நான் மீன்கொத்தி. அன்னைக்கு நீங்க சாப்பிட்டாச்சான்னு கேட்டீங்க. அப்போ ஹாஸ்டல்ல என்கூட யாரும் பேசி இருபது நாள் ஆகியிருந்தது. அதுக்கப்புறம் தினமும் ஆறரைக்கு வந்தது தண்ணிக்காக இல்ல. நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னுதான் வந்தேன்."

படித்துவிட்டு நாட்களை எண்ணினேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஐந்து நாள் அவள் காத்திருந்தாள். ஐந்து நாளும் நான் எதிரே உட்கார்ந்து மூன்று குடம், இரண்டு குடம் என்று அழுத்திக்கொண்டிருந்தேன்.

நல்லதாக ஏதாவது எழுதிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு உள்ளதை எழுதினேன்.

"மலர், அன்னைக்கு நான் அக்கறையில கேக்கல. என்னை ரோபோன்னு சொன்னாங்க. மாட்டிக்கக் கூடாதுன்னு கேட்டேன். உங்க பதில் வந்ததும் மறந்துட்டேன். என்னை மன்னிக்கணும்னு இல்ல. இன்னைக்குத் தெரிஞ்சுக்கணும்னு கேக்கேன். சாப்பிட்டாச்சா?"

பதில் வரவில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். அன்று போன் வழியாக அந்தக் கதவுக்கு வெளியே நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தேன்.

ஆறு ஐம்பத்தைந்துக்கு வந்தது. "இப்பதான். அப்பா ரசம் வச்சாங்க. உப்பு ஜாஸ்தி. நீங்க?"

அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு டம்ளர் காப்பி, அவ்வளவுதான். இன்னும் இல்லை என்று எழுதினேன்.

"போய் சாப்பிட்டு வாங்க. இங்கயே இருக்கேன்."

எழுந்து போய் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தேன்.